ஆளெடுப்பு நாளில் வார்டை விட்டு வர மறுத்த செவிலியர் மீதான புகார் எங்கள் புகார் அல்ல

அனுப்புநர்:
அர்னுல்போ கெபாயோ,
கெபாயோ பிளக்ஸ் அச்சகம்,
பழைய மீன்சந்தைத் தெரு, லாவிஸ் பரங்காய்,
லுமங்காய் நகரம்.

பெறுநர்:
திருமதி கொன்சோலசியோன் வில்யமோர் அவர்கள்,
விசாரணை அலுவலர், செவிலியர் உரிமப் பிரிவு,
மண்டல அலுவலகம்,
சான் தெலமோ நகரம்.

பொருள்: லுமங்காய் நகர மருத்துவமனை – மகப்பேறு வார்டு – என் மனைவி ரொவெனா கெபாயோ இறந்தது – செவிலியர் ஜோவலின் கபாஹுக் மீது எங்கள் குடும்பத்தின் பெயரால் அளிக்கப்பட்ட புகார் – அது என் புகார் அல்ல எனத் தெரிவித்தல் – அவருடைய உரிமத்தைப் பறிக்க வேண்டாம் என வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: செவிலியர் கபாஹுக் அவர்களுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய விசாரணை அறிவிப்பு.

மதிப்புக்குரிய விசாரணை அலுவலர் அவர்களுக்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

1. நான் மேற்கண்ட முகவரியில் பிளக்ஸ் பேனர் அச்சிடும் கடை நடத்துகிறேன். கடந்த மே மாதம் லுமங்காய் நகர மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அன்றைக்கே இரத்தப்போக்கால் இறந்துபோன ரொவெனாவின் கணவன். அந்தச் சாவுக்குச் செவிலியர் ஜோவலின் கபாஹுக்கின் அலட்சியமே காரணம், அவருடைய உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று "இறந்தவரின் குடும்பத்தார்" தங்களிடம் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். இறந்தவரின் குடும்பம் என்பது நானும், இன்னும் குப்புற விழாத எங்கள் மகளும்தான். அவளுக்குப் பேச வராது. என்னை யாரும் கேட்கவில்லை.

2. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஜோவலின் கபாஹுக் செவிலியராகத் தொடர வேண்டும். அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. அன்று அந்த வார்டில் நின்றவர் அவர் ஒருவர்தான், அதைப் பார்த்தவன் நான். இதற்கு மேல் இந்த மனுவில் எழுதியிருப்பதெல்லாம் அதற்கான விளக்கமே. எனக்குச் சட்டம் தெரியாது. பேனரில் எழுதுவதுதான் பழக்கம். பெரிய எழுத்து, குறைந்த வார்த்தை. இம்மனு அப்படி அமையாமல் நீண்டு போனதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. தலைநகரின் வெள்ளமும் வாடகையும் பொறுக்காமல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மாகாண நகரம் ஒன்றுக்கு இடம் மாறப்போகிறது என்ற செய்தி சென்ற ஆண்டு வந்தது தங்களுக்கும் தெரிந்திருக்கும். தூர தேசத்தில் காய்ச்சல் கண்டவர்கள், நெஞ்சு வலித்தவர்கள் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்வார்கள். இங்கே உரிமம் பெற்ற செவிலியர் ஒருவர் எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார். பல ஊர்கள் மோதி, கடைசியில் தங்கள் சான் தெலமோவும் எங்கள் லுமங்காயும் மிஞ்சின. அதன் பிறகு இரண்டு ஊரும் நடந்துகொண்டதை ஒரே மாப்பிள்ளைக்குப் பெண் காட்டும் இரண்டு வீடுகள் என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் ஊழியர்களுக்குப் படகுப் பயணம் இலவசம் என்றீர்கள். நாங்கள் கடற்கரைச் சாலைக்கே அந்த நிறுவனத்தின் பெயரை வைக்கிறோம் என்றோம். நீங்கள் வரியைத் தள்ளுபடி செய்தீர்கள். நாங்கள் வரியைத் தள்ளுபடி செய்து, ஜீப்னி வண்டிகளுக்கெல்லாம் ஒரே பச்சைச் சாயம் அடித்தோம், தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போனோம், மீன்சந்தையை நாற்றம் அடிக்காத தூரத்துக்கு மாற்றினோம். என் தெருவுக்கு முன்னால் "பழைய" என்ற சொல் வந்தது அப்படித்தான்.

4. இவற்றுக்கெல்லாம் பேனர் அடித்தவன் நான். மேயர் கை கூப்பிச் சிரிக்கிற பேனர், "உலகம் நலமா என்று கேட்கும் ஊர்" என்ற பேனர், பாலத்தின் இரு பக்கமும், விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை மதில் வரை. அதற்காக இன்று நான் புலம்பப் போவதில்லை. படித்த பிள்ளைகள் துபாய்க்கும் ரியாதுக்கும் போகாமல் ஊரிலேயே சம்பாதித்தால் யாருக்குக் கசக்கும்? ரொவெனாவுக்கும் அதே ஆசைதான். பிறக்கப்போகும் பிள்ளை வளர்ந்து ஏர்போர்ட்டில் அழுதுகொண்டு நிற்கக் கூடாது என்பாள்.

5. ஏப்ரலில் அந்த நிறுவனம் ஒரு சோதனை வைத்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாள் மாதிரி ஆளெடுப்பு நடத்துவார்கள். எத்தனை உரிமம் பெற்ற செவிலியர் தாமாக வருகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சான் தெலமோவுக்கு முதலில் வந்தது, எங்கள் முறை மே மாதம். விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்ததாகச் செய்தி வந்தது. எங்கள் நகராட்சியில் முதலீட்டு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அட்டர்னி பிராங்கோ லசெர்னா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று அவரே என் கடையில் உட்கார்ந்து சொன்னார். எங்கள் ஊரில் சும்மா இருக்கிற செவிலியர் குறைவு. சும்மா இருப்பவர்கள் எப்போதோ விமானம் ஏறிவிட்டார்கள். எத்தனை செவிலியர் ஓய்வாக இருக்கிறார்கள் என்பதுதான் அந்த நிறுவனம் கேட்ட கேள்வி. வேலையில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது நாங்கள் எழுதிய பதில்.

6. எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது, அதைத் தேட வேண்டாம். எங்கள் முறைக்கு முந்தின நாள் நகராட்சி ஊழியர்களின் குழு அரட்டையில் செய்தி வந்தது: நகராட்சிச் சம்பளப் பட்டியலில் உரிமம் வைத்திருக்கிற எல்லோரும் காலையில் சாதாரண உடையில், சீருடை வேண்டாம், விளையாட்டரங்கத்துக்கு வந்துவிட வேண்டும், வருகைப்பதிவு உண்டு. இங்கே பெரும்பாலோர் ஆறு மாதத் தற்காலிக நியமனத்தில் இருப்பவர்கள். ஜூன் கடைசியில் மேயர் கையெழுத்துப் போட்டால்தான் ஜூலையில் வேலை. வருகைப்பதிவு என்ற சொல்லுக்கு அவர்களுக்கு என்ன பொருள் என்று தாங்களே அறிவீர்கள். மருத்துவமனை, பள்ளிக்கூட மருந்தறை, பரங்காய் வட்டாரச் சுகாதார நிலையம் எல்லாவற்றிலிருந்தும் போனார்கள். செவிலியர் படிப்பு படித்துவிட்டு வெளிநாடு போக முடியாமல் வேறு வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் ஊரில் எங்கும் உண்டு. இரத்த வங்கியின் பொறுப்பாளர் மெர்லித்தா ஓமாம்பாக்கும் அப்படி ஒருவர். அவரும் போனார். அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனார், ஏனென்றால் பூட்டாமல் போனால் அது குற்றம்.

7. அன்று விடியற்காலையில் ரொவெனாவுக்குக் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். என்னிடம் குழந்தையைக் காட்டியவர் ஜோவலின். வாசலில் நகராட்சியின் பேருந்து நின்றது, மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தலைமைச் செவிலியர் வந்து ஜோவலினையும் கூப்பிட்டார். மதியத்துக்குள் திரும்பிவிடலாம், அதுவரை பயிற்சி மாணவிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். பயிற்சி மாணவிகளும் அந்தப் பேருந்தில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஜோவலின் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் நின்றேன்:

"மேடம், இவங்களுக்குக் கசிவு நிக்கல. நான் வரல. பேர் போட்டுக்கோங்க."

பேர் போட்டுக்கொண்டார்கள். மகப்பேறு வார்டு, பிரசவ அறை, பச்சைக் குழந்தைகள் அறை மூன்றுக்கும் அவர் ஒருவராக நின்றார். இன்னொரு செவிலியர் அறுவை அரங்கில் டாக்டரோடு இருந்தார்.

8. முற்பகலில் அட்டர்னி லசெர்னா எனக்குப் போன் செய்தார். காற்றில் விளையாட்டரங்க வாசல் பேனர் ஒரு பக்கம் கழன்று மேயரின் முகம் மடங்கித் தொங்குகிறதாம், விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்களாம். ரொவெனா தூங்கிக்கொண்டிருந்தாள். போய்விட்டு வாருங்கள், நான் இருக்கிறேன் என்றார் ஜோவலின். ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பக்கத்துக் கட்டில் பெண் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. "அண்ணே, உடனே வாங்க. எனக்கு இன்னொரு ஆள் வேணும்" என்றார்.

9. நான் போய்ச் சேர்ந்தபோது கண்டது: ஜோவலின் கட்டிலின் மேல் முட்டி போட்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை அடிவயிற்றின் மேல், இரண்டுக்கும் நடுவில் கருப்பையை இறுக்கி அழுத்திப் பிடித்திருந்தார். கையை எடுத்தால் கொட்டுகிறது என்றார். ஊசி போட்டிருந்தார், நரம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் கணவரை அனுப்பி அறுவை அரங்கின் கதவைத் தட்டச் சொல்லியிருந்தார். அங்கே வேறொரு தாயின் வயிறு திறந்து கிடந்தது, டாக்டரால் வர முடியவில்லை. அந்த டாக்டரின் மேலும் எனக்குப் புகார் இல்லை. ரொவெனாவின் வகை இரத்தம் இரத்த வங்கியில் இருக்கிறது, ஓடுங்கள் என்றார் ஜோவலின். ரொவெனாவுக்கு விழிப்பு இருந்தது. குளிருகிறது என்றாள். நான் இதோ வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவளோடு நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

10. இரத்த வங்கிக்கு இரும்புக் கிராதி. வாசல் காவலாளியும் நானும் கடப்பாரை வைத்து நெம்பினோம், அசையவில்லை. மாற்றுச் சாவி மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் பூட்டிய அறையில். கண்காணிப்பாளர் விளையாட்டரங்க மேடையில். மெர்லித்தாவின் போனுக்கு அடித்தோம்; சோதனைக்கு வந்தவர்களின் போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தேன். இரு பக்கமும் என் பேனர்கள்.

11. விளையாட்டரங்கத்தின் உள்ளே கண்ணாடித் தடுப்பு வைத்துச் சிறு அறைகள் அமைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றில் மெர்லித்தா காதுக்கருவி மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்ததை வாசலிலிருந்தே பார்த்தேன். சிரித்த முகமாக இருந்தார். சிரித்துக்கொண்டு பேசினால் குரலிலும் அது கேட்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். காவலர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்ன சாப்பாட்டுப் பொட்டலத்தை ஒரு பெண் என் கையில் வைத்தாள். அட்டர்னி லசெர்னா வெளியே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளில் கை போட்டு, மிகவும் மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதைச் சொன்னபடியே கீழே தருகிறேன்:

"அண்ணே, புரியுது. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க, இந்த ரவுண்டு முடிஞ்சிடும். உள்ள கம்பெனிக்காரங்க மார்க் போட்டுக்கிட்டு இருக்காங்க. இப்பக் கதவத் தொறந்து ஒரு ஆள வெளிய இழுத்தா அவ்வளவுதான், எல்லாம் சான் தெலமோவுக்குப் போயிடும். உங்க பிள்ளைக்கும் சேத்துத்தானே அண்ணே இது?"

என் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். தெரியும் அண்ணே, அஞ்சே நிமிஷம் என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. ஒரு சுற்று முடிந்து கைதட்டல் கேட்டது. அப்புறம்தான் மெர்லித்தா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கைப்பையைத் துழாவத் தொடங்கிவிட்டார்.

12. சாவி வந்து, கிராதி திறந்து, இரத்தம் எடுத்துக்கொண்டு போனதற்குள் ரொவெனா போய்விட்டாள். அதைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு. அதைப் பிற்பாடு எழுதுகிறேன், ஏனென்றால் தங்கள் விசாரணைக்கு வேண்டியது அதுதான்.

13. அடுத்த வாரம் அந்த நிறுவனம் லுமங்காயைத் தேர்ந்தெடுத்தது. ஊரில் வெடி போட்டார்கள். "நன்றி" என்று பேனர் அடிக்க என்னிடமே ஆள் வந்தது. அதே இயந்திரத்தில் ரொவெனாவின் படத்தைப் போட்டு ஒரு வாரத் துக்கத்துக்குப் பின் நடக்கவிருந்த இறுதிச் சடங்குக்கான பேனர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான் அந்தப் பையன். வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள். மருத்துவமனையின் செவிலியரில் பாதிப் பேர் இப்போது அந்த நிறுவனத்தில். நல்ல சம்பளம், குளிர்சாதன அறை, மாதாமாதம் நிச்சயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மெர்லித்தாவும் அங்கேதான். துக்கத்துக்கு வந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

14. ஜூன் முடிவில் ஜோவலினின் நியமனம் நீட்டிக்கப்படவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று காரணம். ஜூலையில் இந்தப் புகார். கையெழுத்துப் போட்டவன் ரொவெனாவின் தம்பி டெக்ஸ்டர் ஓபியாஸ். அவனும் நகராட்சியில் ஆறு மாதத் தற்காலிக ஊழியன், குப்பை வண்டிப் பிரிவு. புகாரை எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்று நான் ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது. தங்கள் அறிவிப்பின் நகல் அவனுக்கு வந்ததைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். ஏன்டா இப்படிச் செய்தாய், உன் அக்காவைக் காப்பாற்றப் பார்த்த ஒரே ஆள் அவர்தானே என்று கேட்டேன்.

"அக்கா போயிட்டா, மச்சான். என் வேலையும் போகணுமா?" என்றான்.

அவனுக்கு மூன்று குழந்தைகள். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த மனுவால் அவனுக்கு எந்தத் தீங்கும் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவனை மிரட்டியதாகவும் எழுத வேண்டாம், யாரும் மிரட்டவில்லை. ஜூலை நியமனம் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொன்னார்களாம்.

15. எதற்காக ஒரு செவிலியரைக் குற்றவாளியாக்க வேண்டும் என்று தாங்கள் வியக்கலாம். அந்த நிறுவனம் இரண்டாவது கட்டடம் ஒன்று கட்டப்போகிறது. அதை எந்த ஊரில் என்று இன்னும் சொல்லவில்லை. செப்டம்பரில் மறுபடி பார்வையிட வருகிறார்கள். அன்றைய ஆளெடுப்பின் நடுவில் ஒரு தாய் செத்துப்போனாள் என்ற பேச்சு அதற்குள் முடிந்தாக வேண்டும். செவிலியரின் அலட்சியம் என்று ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் அந்த நாளின் மேல் பழி இல்லை, அழைத்தவர்கள் மேல் பழி இல்லை. தங்கள் விசாரணை இவ்வளவு சீக்கிரம் குறிக்கப்பட்டதற்கு எங்கள் நகராட்சியின் கடிதங்களே காரணம் என்று கேள்விப்பட்டேன். வேறு எந்தப் புகாரும் எங்கள் ஊரில் இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

16. இங்கே தங்கள் ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்ற மாதம் சான் தெலமோவின் முதலீட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர், வானொலிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு படகில் என் கடைக்கு வந்தார். இந்தக் கதையை நான் வானொலியில் சொன்னால் இரண்டாவது கட்டடம் சான் தெலமோவுக்குத் திரும்பும், ரொவெனாவுக்கும் நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும், அவர்கள் ஊர்ப் பேனர் வேலை எல்லாம் எனக்கே என்றார். உங்கள் ஊரில் ஆளெடுப்பு நடந்த அன்று உங்கள் மருத்துவமனையில் எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்று நான் கேட்டேன்.

"எங்க ஊர்ல அன்னிக்கு யாரும் சாகல அண்ணே" என்றார்.

அவர்களை அனுப்பிவிட்டேன். ஆகவே அம்மையீர், இந்த மனு தங்கள் நகராட்சியின் கைக்குப் போய்விடாமல் காக்க வேண்டுகிறேன். என் மனைவியின் சாவை வைத்து எங்கள் ஊர் ஒரு கட்டடம் வாங்கிவிட்டது. உங்கள் ஊரும் ஒன்று வாங்க வேண்டாம்.

17. ஜோவலினின் இன்றைய நிலை: மற்றவர்களை எடுத்துக்கொண்ட அந்த நிறுவனம் விசாரணை முடியாதவரை அவரை எடுக்காது. வேறு மருத்துவமனையும் எடுக்காது. அந்த நிறுவனத்தின் வாசலுக்கு எதிரே வேலைமுறை மாறுகிற நேரத்தில் சர்க்கரையில் வறுத்த வாழைப்பழம் குச்சியில் குத்தி விற்கிறார். பழைய தோழிகள் வாங்குகிறார்கள், சில்லறை வேண்டாம் என்று விட்டுப்போகிறார்கள். அவர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார். இந்த மனுவை எழுதுவதாக அவரிடம் நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். என் கடைக்கும் நகராட்சி வேலை நின்றுபோய்விட்டது என்பது அவருக்குத் தெரியும்.

18. இனி குற்றச்சாட்டுகள். உதவி கோரத் தவறினார் என்பது ஒன்று. உதவி கோரினார், கோரப்பட்டவன் நான், கதவு தட்டியவர் பக்கத்துக் கட்டில்காரரின் கணவர், இருவரும் உயிரோடு இருக்கிறோம். அனுமதியின்றிப் பணியில் இருந்தார் என்பது இன்னொன்று. பேருந்தில் ஏறாமல் வார்டில் நின்றதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். தாங்களும் ஒரு காலத்தில் வார்டில் நின்றவர் என்று கேள்வி, தாங்களே இதைப் படித்துப் பார்க்கலாம்.

19. மூன்றாவதுதான் முக்கியமானது, உரிமம் போவது அதனால்தான் என்கிறார்கள்: நோயாளியின் உயிர் பிரிந்தபோது செவிலியர் அருகில் இல்லை என்பது. யார் பார்த்தார்கள் என்று புகாரில் இல்லை. இருக்க முடியாது, பார்த்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் விளையாட்டரங்கத்தில் இருந்தார்கள். நான் இரத்தப் பையோடு வார்டுக்குள் நுழைந்தபோது ஜோவலின் கட்டிலின் மேல் நான் விட்டுப்போன அதே இடத்தில் முட்டி போட்டிருந்தார். கைகள் அதே மாதிரி இருந்தன. வியர்வை மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரொவெனாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் போய்ச் சிறிது நேரம் ஆகியிருந்தது என்று டாக்டரும் பிறகு சொன்னார். ஜோவலினுக்கும் அது தெரியும், செவிலியருக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனாலும் கையை எடுக்கவில்லை. "வந்துட்டீங்களா அண்ணே, மாட்டுங்க, மாட்டுங்க" என்றார். நான் போதும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போய் அவராலேயே திறக்க முடியாமல் இருந்தது. நான்தான் அந்தக் கைகளைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, என் மனைவியிடமிருந்து எடுத்துவிட்டேன்.

20. ஆகையால் மேற்படி புகாரை எங்கள் குடும்பத்தின் புகாராகக் கொள்ளாமல் தள்ளுபடி செய்யுமாறும், விசாரணை நாளில் என்னைச் சாட்சியாக அழைக்குமாறும், அழைக்காவிட்டாலும் வாசலில் வந்து உட்கார்ந்திருக்க அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அவள் அழுதால் வெளியே கொண்டுபோய்விடுகிறேன். அந்த இரண்டு கைகளும் இனி எந்த வார்டிலும் எந்தத் தாயையும் தொடக் கூடாது என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். என் மனைவிக்கு அன்று இந்த ஊரில் இருந்தவை அவை மட்டும்தான்.

இடம்: லுமங்காய்
நாள்: ஆகஸ்ட் 19

தங்கள் முடிவை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
அர்னுல்போ கெபாயோ
ரொவெனா கெபாயோவின் கணவன்